புழு, உண்ணி, பூஞ்சை: ஆய்வகத்துக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒட்டுண்ணி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால் போதும், பேச்சு அங்கேயே திரும்பிவிடும். ஒருவர் சட்டைக் கையைச் சுருட்டித் தடிப்பைக் காட்டுவார். இன்னொருவர் நாயின் காதைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருப்பார். கேட்கிறவர்கள்தான் மாறுகிறார்கள், கேள்வி மாறுவதில்லை. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லி அலுத்துப்போய் எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். ஒன்று மட்டும்: இதை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒட்டுண்ணின்னா உண்ணிதானே? புழு, பூஞ்சை எல்லாம் எதுல சேரும்?

இன்னொரு உயிரின் மேலோ உள்ளேயோ தங்கி, அதன் செலவில் பிழைக்கிற எதுவும் ஒட்டுண்ணி. அது தங்குகிற உயிருக்கு ஓம்புயிர் என்று பெயர். உண்ணி அதில் ஒரு வகை, அவ்வளவுதான். மலேரியாவை உண்டாக்கும் பிளாஸ்மோடியம் மாதிரி ஒரே செல்லால் ஆனவை, குடலில் வாழும் உருண்டைப்புழு, கொக்கிப்புழு, நாடாப்புழு, தோலில் ஒட்டும் பேன் எல்லாமே இந்தக் கணக்கில் வரும்.

கணுக்காலிகள் என்பது மூட்டு மூட்டாகக் கால் உள்ள கூட்டம்: கொசு, ஈ, தெள்ளுப்பூச்சி, பேன், உண்ணி, சிற்றுண்ணி. இவற்றில் சில தாமே தொல்லை, சில வேறு கிருமியைச் சுமந்து வரும் வண்டி, சில இரண்டும். பூஞ்சையோ தனி இனம். அது செடியும் இல்லை, விலங்கும் இல்லை. பெரும்பாலான பூஞ்சைகள் மண்ணிலும் மக்கிய இலையிலும் தம் பாட்டுக்கு இருப்பவை. உடலில் குடியேறுபவை மிகக் கொஞ்சம்.

ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்றை ஏன் ஒரே துறையில் வைத்திருக்கிறார்கள்?

மூன்றிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே என்பதால். இந்த உடலுக்கு வருமுன் இது எங்கே இருந்தது? இங்கிருந்து எங்கே போகப்போகிறது? சளிக்காய்ச்சல் மாதிரி ஆளிடமிருந்து ஆளுக்கு நேராகத் தாவும் நோயில் இந்தக் கேள்விக்குப் பெரிய வேலை இல்லை. ஆனால் புழுவுக்கு மண்ணில் ஒரு வாழ்க்கை, மலேரியாவுக்குக் கொசுவுக்குள் ஒரு வாழ்க்கை, பூஞ்சைக்குத் தூசியில் ஒரு வாழ்க்கை இருக்கிறது. நோயாளியை மட்டும் பார்த்தால் கதையில் பாதிகூடத் தெரியாது. இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளில் பாதிக்கு மேல் அந்த மறுபாதி தெரியாததால் வருபவைதான்.

இன்னொரு காரணம் வரலாறு. நுண்ணுயிர் ஒன்று விலங்குக்கு நோய் தரும் என்று முதலில் நிரூபிக்கப்பட்டது பூஞ்சையை வைத்துத்தான். இத்தாலியைச் சேர்ந்த அகொஸ்தினோ பாஸி, பட்டுப்புழுக்கள் வெள்ளைப் பொடி பூசினாற்போலச் செத்து விறைப்பதற்கு ஒரு பூஞ்சையே காரணம் என்று 1835-இல் எழுதினார். லூயி பாஸ்டரும் ராபர்ட் கோக்கும் கிருமிகளைப் பற்றிப் பேசத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பு இது. பாஸியின் பெயர் பலருக்குத் தெரியாததில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

மாட்டுக்கு வர்றது வேற, மனுஷனுக்கு வர்றது வேற. ரெண்டையும் ஏன் கலக்கிறீங்க?

நாங்கள் கலக்கவில்லை, ஒட்டுண்ணிகளே கலந்துதான் இருக்கின்றன. கணுக்காலி ஒன்று பாலூட்டிக்கு நோயைக் கடத்துகிறது என்பது முதலில் உறுதியானது மனிதனில் இல்லை, மாட்டில். அமெரிக்காவில் டெக்சாஸ் காய்ச்சல் என்ற பெயரில் மாடுகளைக் கொன்றுகொண்டிருந்த நோய், உண்ணி வழியாகப் பரவும் பபேசியா என்ற ரத்த ஒட்டுண்ணியால் வருகிறது என்று தியோபால்ட் ஸ்மித்தும் ஃபிரெட் கில்போர்னும் 1893-இல் காட்டினார்கள். மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பு வெளியானதெல்லாம் அதற்குப் பிறகு.

குரங்குகளின் மலேரியா மனிதர்களுக்கு வருகிறது, பூனையின் படர்தாமரை பிள்ளைகளுக்கு வருகிறது. இரண்டையும் கீழே தனியாகச் சொல்கிறேன்.

கொசு ஒருத்தர் ரத்தத்தைக் குடிச்சிட்டு இன்னொருத்தரைக் கடிக்குது. அப்ப எச்ஐவி ஏன் கொசுவால பரவல?

கொசுவை ஊசியாக நினைப்பதால் வரும் கேள்வி இது. ஊசி ஒரே குழாய். கொசுவின் வாயில் ரத்தத்தை உறிஞ்ச ஒரு வழி, எச்சிலை விட வேறொரு வழி. முன்பு குடித்த ரத்தத்தை அது அடுத்தவர் உடலில் செலுத்துவதில்லை. எச்சிலை மட்டுமே செலுத்துகிறது.

ஆகவே ஒரு கிருமி கொசு வழியாகப் பரவ வேண்டுமானால், வயிற்றில் செரிக்காமல் பிழைத்து, குடல் சுவரைத் துளைத்து, பெருகி, எச்சில் சுரப்பி வரை போய்ச் சேர வேண்டும். டெங்கு வைரஸுக்கும் பிளாஸ்மோடியத்துக்கும் அந்தப் பாதை தெரியும். எச்ஐவிக்குத் தெரியாது. கொசுவின் வயிற்றில் அது செரித்துப்போகிறது, கதை அங்கேயே முடிகிறது.

அப்போ நோயாளியைக் கடித்த கொசு அன்றைக்கே நோயைப் பரப்புமா?

பரப்பாது. முந்தின பதிலில் சொன்ன பயணத்துக்கு நாள் பிடிக்கும். வெப்பத்தைப் பொறுத்து டெங்கு வைரஸுக்கு ஏறக்குறைய 8 முதல் 12 நாள், கடும் மலேரியாவைத் தரும் ஃபால்சிபேரத்துக்கு 10 முதல் 14 நாள். கொசுவின் ஆயுளே சில வாரங்கள்தான் என்பதால், பெரும்பாலான கொசுக்கள் கிருமி பழுக்குமுன் செத்துவிடுகின்றன. ஆபத்தானவை கிழட்டுக் கொசுக்கள் மட்டும். மருந்து தோய்த்த கொசுவலையின் பலனில் பெரும்பகுதி இதில்தான் இருக்கிறது: கொசுக்கள் எல்லாவற்றையும் ஒழிக்கத் தேவையில்லை, அவற்றைக் கிழடாக விடாமல் இருந்தால் போதும்.

கொசுவின் வயதை எப்படிப் பார்ப்பது? பெண் கொசுவை ஒரு துளி நீரில் வைத்து, வயிற்றின் கடைசி வளையத்தை ஊசியால் மெல்ல இழுத்தால் முட்டைப்பை வெளியே வரும். அதன்மேல் ஓடும் மூச்சுக்குழல்களின் நுனி நூல்கண்டு போலச் சுருண்டிருந்தால் அது இன்னும் முட்டையிடாத இளசு. அவிழ்ந்து நீண்டு கிடந்தால் ஒரு முறையாவது முட்டையிட்டது, அதாவது ஒரு முறையாவது ரத்தம் குடித்தது. முதல் வாரம் நான் கிழித்தெறிந்த முட்டைப்பைகளுக்குக் கணக்கில்லை.

இதே மாதிரி கொசுவின் வயிற்றைப் பிரித்துத்தான் ரொனால்ட் ராஸ் 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில், அனாபிலிஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாவின் கறுப்பு நிறமித் துகள்கள் கொண்ட உருண்டைகளைக் கண்டார். அடுத்த ஆண்டு கல்கத்தாவில் பறவை மலேரியாவை வைத்து, கிருமி எச்சில் சுரப்பிக்கு வந்து சேர்வதையும் பார்த்துவிட்டார்.

யானைக்கால் நோய்க்கு ரத்தம் எடுக்க ஏன் நடு ராத்திரியில் கதவைத் தட்டுகிறார்கள்?

இந்தப் புகாரை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். நியாயமான புகார்தான். ஆனால் பகலில் எடுத்தால் பயன் இல்லை. யானைக்கால் புழுவின் குஞ்சுகள் பகலில் நுரையீரலின் ரத்த நாளங்களுக்குள் ஒதுங்கிக்கொள்கின்றன. இரவு பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரைதான் தோலை ஒட்டிய ரத்தத்தில் கூட்டமாக வரும். அவற்றைச் சுமக்கும் கியூலெக்ஸ் கொசு இரவில் கடிப்பதால் அவையும் அந்த நேரத்துக்குக் காத்திருக்கின்றன. பகலில் கடிக்கும் ஈயால் பரவும் லோவா என்ற ஆப்பிரிக்கக் கண்புழுவின் குஞ்சுகள் இதற்கு நேர்மாறாகப் பகலில்தான் ரத்தத்தில் தெரியும்.

சாயம் போட்ட ஸ்லைடில் அது கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளத்தில், மெல்லிய உறைக்குள் வளைந்து கிடக்கும் இழை. உடம்பு முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கரு தெரியும். வால் நுனிவரை கரு வராமல் வெறுமையாக இருந்தால் அது வுச்செரேரியா என்ற யானைக்கால் புழு வகை. நுனியில் இரண்டு புள்ளி தனித்து நின்றால் புருஜியா என்ற இன்னொரு வகை. வால் நுனியைத் தேடியே பாதி இரவு போகும்.

இந்தப் புழு கொசுவுக்குள் வளர்வதை 1877-இல் சீனாவின் அமோய் துறைமுகத்தில் பேட்ரிக் மேன்சன் கண்டுபிடித்தார். ஆனால் கொசு தண்ணீரில் விழுந்து சாகும், அந்தத் தண்ணீரைக் குடித்தவருக்கு நோய் வரும் என்று நினைத்துவிட்டார். கொசுவின் ஊசி வாயில் புழு இருப்பது 1900-இல்தான் தெரிந்தது. மறுபாதியில் ஒரு படி தப்பினால் பெரிய மூளையும் சறுக்கும்.

மலப் பரிசோதனையில ஒண்ணும் இல்லைன்னு வந்துச்சு. அப்போ புழு இல்லைதானே?

அப்படிச் சொல்ல முடியாது. நாங்கள் பார்ப்பது புழுவை இல்லை, அதன் முட்டையை. உருண்டைப்புழுவின் முட்டை வயிற்றுக்குள் போன நாளிலிருந்து, அது வளர்ந்து தானே முட்டையிட இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை புழு உள்ளே இருக்கும், ஸ்லைடு காலியாக இருக்கும். முட்டையிட ஆரம்பித்த பெண் புழு நாளுக்கு இரண்டு லட்சம்வரை போடும். அதற்கு மேல் தவறவிடுவது கடினம். நாடாப்புழுவோ துண்டு துண்டாகக் கழன்று விட்டுவிட்டு வரும். இன்று இருக்கும், நாளை இருக்காது. மூன்று தனித்தனி நாளில் மாதிரி கேட்பது அதனால்தான்.

முறையும் முக்கியம். மாதிரியைக் கெட்டியான உப்புக் கரைசலில் கலக்கி, குழாயின் விளிம்புவரை ஊற்றி, மேலே ஒரு கண்ணாடி வில்லையை மூடிவைப்போம். கரைசல் கனம் என்பதால் முட்டைகள் மிதந்து வில்லையில் ஒட்டும். ஆனால் ஈரல் தட்டைப்புழுவின் முட்டை கனமானது, அது அடியில் போய் உட்கார்ந்துவிடும். மேலே தேடுகிறவருக்குக் கிடைக்காது. அப்புறம், வெயிலில் ஒரு நாள் கிடந்த மாதிரியில் கொக்கிப்புழு முட்டைகள் பொரிந்து குஞ்சாகி, பார்ப்பவரைக் குழப்பும். உடனே கொடுக்க முடியாவிட்டால் குளிர்பெட்டியில் வையுங்கள். உறையவிட வேண்டாம்.

உண்ணியைத் தீக்குச்சியால் சுட்டால் தானாக விழுந்துவிடும் என்கிறார்களே?

விழலாம். விழுமுன் எரிச்சலில் எச்சிலைக் கடிவாயில் கக்கிவிட்டுப் போகலாம். கிருமி இருப்பது அந்த எச்சிலில். மண்ணெண்ணெய், நெயில் பாலிஷ் எல்லாவற்றுக்கும் இதே பதில். நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டி, உண்ணியின் வாய்ப்பகுதியைப் பிடித்து, முறுக்காமல் நேராக, நிதானமாக மேலே இழுங்கள். வயிற்றைப் பிடித்து நசுக்காதீர்கள். வாய்த்துணுக்கு கொஞ்சம் உள்ளே நின்றுவிட்டால் பதற வேண்டாம், முள் மாதிரி அது தானே வெளியே வரும்.

சீக்கிரம் எடுப்பதில் பலன் உண்டு. லைம் நோயின் கிருமி உண்ணியின் குடலிலிருந்து எச்சிலுக்கு ஏறிவரப் பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஆகும். ஆனால் எல்லாக் கிருமியும் இவ்வளவு பொறுமைசாலி இல்லை. சில வைரஸ்கள் கடித்த சில நிமிடங்களிலேயே இறங்கிவிடும்.

எடுத்ததைத் தூக்கியெறியாமல், 70 சதவீத ஆல்கஹாலில் போட்டுக் கொண்டுவாருங்கள். ஃபார்மலினில் போட்டால் டிஎன்ஏ கெட்டுவிடும். எந்த உடலில், எந்த இடத்தில், எந்தத் தேதியில் என்று பென்சிலால் எழுதிய சீட்டைப் பாட்டிலுக்குள்ளேயே போடுங்கள், பேனா மை ஆல்கஹாலில் கரைந்துபோகும். விவரம் இல்லாத உண்ணி எங்களுக்கு வெறும் உண்ணி. இந்த மாதிரி வரும் பாட்டில்களில் கணிசமானவற்றில் துணி நூலும் காய்கறி நாரும்தான் இருக்கும். அதற்காக யாரும் வெட்கப்பட வேண்டாம்.

காய்ச்சல் வந்து, அக்குளில் கறுப்பாக ஒரு வடு. எந்தப் பூச்சியும் கடிக்கவில்லையே, எப்படி உண்ணிக் காய்ச்சல் என்கிறார் டாக்டர்?

கடித்ததைப் பார்த்திருக்க முடியாது. டாக்டர் சொல்லும் உண்ணிக் காய்ச்சல், அதாவது ஸ்க்ரப் டைஃபஸைத் தருவது பெரிய உண்ணி இல்லை. சிற்றுண்ணியின் ஆறு கால் குஞ்சு, கால் மில்லிமீட்டர்கூட இருக்காது. அது ரத்தமும் குடிப்பதில்லை, தோலைக் கரைத்து அந்தச் சாற்றைக் குடிக்கிறது. வலி இருக்காது. சில நாளில் அங்கே சிகரெட்டால் சுட்டாற்போல ஒரு கறுப்புப் பொருக்கு வரும். உடை இறுக்கும் இடம், அக்குள், தொடை இடுக்கு என்று மறைவான இடங்களில்தான் பெரும்பாலும் இருக்கும். எல்லா நோயாளிக்கும் வருவதில்லை. வந்தால் அதைவிட நல்ல துப்பு கிடையாது.

இந்த நோயில் எனக்குப் பிடித்த புதிர் ஒன்று உண்டு. இந்தக் குஞ்சு வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் கடிக்கும். வளர்ந்தபின் மண்ணில் சிறு பூச்சிகளின் முட்டையைத் தின்று வாழும், யாரையும் கடிக்காது. அப்படியானால் ஒருவரிடம் வாங்கி இன்னொருவருக்குக் கொடுக்கும் கொசுக் கணக்கு இங்கே செல்லாதே? விடை: தாய்ச் சிற்றுண்ணி தன் முட்டை வழியாகவே பிள்ளைகளுக்குக் கிருமியைக் கொடுத்துவிடுகிறது. குஞ்சு பிறக்கும்போதே கிருமியோடு பிறக்கிறது. ஆகவே நோயாளிகள் எல்லாரையும் குணமாக்கினாலும் புதரில் நோய் அப்படியே இருக்கும்.

படர்தாமரை பார்த்தாலே தெரியுதே. எதுக்குச் சுரண்டி எடுக்கிறீங்க?

பல நேரம் தெரியும், சில நேரம் ஏமாற்றும். வட்டமாகச் சிவந்து செதில் உதிர்க்கும் தோல் நோய்கள் வேறும் உண்டு. அதைவிடப் பெரிய தலைவலி, அரிப்பு அடங்க ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தாமாக வாங்கிப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள். ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் அடக்கிவிடும், பூஞ்சை நிம்மதியாகப் பரவும், வட்டத்தின் விளிம்பே அழிந்துபோகும். அப்புறம் அனுபவமுள்ள கண்ணுக்கும் அடையாளம் தெரியாது.

சுரண்டுவது நடுவில் இல்லை, பூஞ்சை முன்னேறிக்கொண்டிருக்கும் விளிம்பில். செதிலை ஸ்லைடில் வைத்து பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டால் தோல் செல்கள் கரைந்து மங்கும். பூஞ்சையின் சுவர் கரையாது. மங்கிய பரப்பில் குறுக்குச் சுவர்களோடு கிளைவிட்டு ஓடும் பளபளப்பான இழைதான் பூஞ்சை. செல்களின் ஓரங்கள் சேர்ந்து இழை மாதிரி ஏமாற்றுவதும் உண்டு, ஆனால் அந்தப் போலி இழை செல்லுக்குச் செல் வளைந்து வளைந்து போகும். பூஞ்சை எதையும் சட்டை செய்யாமல் குறுக்கே போகும். எந்த இனம் என்று சொல்ல சாபுரோ என்ற வளர்ப்பு ஊடகத்தில் வளர்க்க வேண்டும், அதற்கு இரண்டிலிருந்து நான்கு வாரம். முடிவு ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்பவர்களுக்கு: பூஞ்சையை அவசரப்படுத்த வழி கிடையாது.

எங்க பூனைக்கு முடி எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அதுகிட்ட இருந்து பிள்ளைக்குப் படர்தாமரை வந்திருக்குமா?

வந்திருக்கலாம். மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பூஞ்சை, பெயரில் நாய் இருந்தாலும், பூனையில்தான் அதிகம். அறிகுறி எதுவும் இல்லாமல் ரோமத்தில் சுமந்து திரியும் பூனைகள் உண்டு. புற ஊதா விளக்கில் அதன் ரோமம் ஆப்பிள் பச்சையாக ஒளிர்ந்தால் துப்பு கிடைத்தது. ஒளிரவில்லை என்றால் ஒன்றும் நிரூபணம் ஆகவில்லை. பல வகைகள் ஒளிர்வதே இல்லை, மனிதர்களில் அதிகம் காணும் டிரைக்கோபைட்டான்களில் பெரும்பாலானவையும் அப்படித்தான்.

இதற்கு எங்களிடம் உள்ள கருவி புத்தம் புதிய பல் துலக்கும் பிரஷ். பூனையின் உடம்பு முழுக்க இரண்டு மூன்று நிமிடம் வாரிவிட்டு, பிரஷ்ஷின் நுனிகளை ஊடகத் தட்டில் குத்திக் குத்தி எடுப்போம். சில நாளில் குத்திய புள்ளிகளிலேயே வெள்ளைப் பஞ்சாகப் பூஞ்சை முளைக்கும். பூனைக்கும் இது பிடிக்கும்.

கர்ப்பமா இருந்தா பூனையை வீட்டை விட்டு அனுப்பிடணுமா?

தேவையில்லை. டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் பயம் இது, பயத்தில் அர்த்தமும் உண்டு, ஏனென்றால் கர்ப்ப காலத்தில் முதன்முறையாகத் தொற்றினால் சிசுவைப் பாதிக்கலாம். ஆனால் மறுபாதியைப் பாருங்கள். பூனை பொதுவாக வாழ்நாளில் ஒரு முறை, ஒன்றிரண்டு வாரம் மட்டுமே இதன் முட்டை போன்ற உருவங்களை மலத்தில் விடும். விட்ட உடனே அவை தொற்றாது, வெளியே கிடந்து முதிர ஒன்றிலிருந்து ஐந்து நாள் வேண்டும். மலத் தட்டை வேறு யாராவது தினமும் சுத்தம் செய்தால் போதும். பூனையைத் தடவுவதைவிட, சரியாக வேகாத இறைச்சியும் கழுவாத காய்கறியும் தோட்ட மண்ணும்தான் கவனிக்க வேண்டியவை.

பூஞ்சை வெறும் தோல் வியாதிதானே? இதுக்குப் போய் இவ்வளவு ஆராய்ச்சியா?

தோலோடு நின்றால் சரி. ரத்தத்தில், நுரையீரலில், மூளை உறையில் இறங்கினால் உயிரை எடுக்கும். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் கவனிக்க வேண்டிய 19 பூஞ்சைகளைப் பட்டியலிட்டது. மேல்வரிசையில் நான்கு: கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸ், கேண்டிடா ஆரிஸ், ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ், கேண்டிடா ஆல்பிகன்ஸ். கேண்டிடா ஆரிஸ் 2009-இல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து முதலில் விவரிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் பல கண்டங்களின் மருத்துவமனைகளில் தனித்தனிக் கிளைகளாகத் தலைகாட்டியது. தோலிலும் கட்டில் கம்பியிலும் ஒட்டிக்கொண்டு நாள்கணக்கில் கிடக்கும், பல மருந்துகளுக்கு மசியாது.

நம்மைப் பெரும்பாலான பூஞ்சைகளிடமிருந்து காப்பது உடலின் சூடு. 37 டிகிரியில் அவற்றால் வளர முடியாது. இதற்கு எதிர்ச்சாட்சி வௌவால்கள். குளிர்காலத்தில் தூங்கும்போது அவற்றின் உடல் குகையின் குளிருக்கு இறங்கிவிடும், குளிரை விரும்பும் ஒரு பூஞ்சை அப்போது மூக்கில் வெள்ளையாகப் படரும். 2006-இல் நியூயார்க் மாநிலக் குகை ஒன்றில் முதலில் கண்ணில்பட்ட இந்த வெண்மூக்கு நோய் வட அமெரிக்காவில் லட்சக்கணக்கான வௌவால்களைக் கொன்றுவிட்டது. சூடான உடலே இல்லாத தவளை இனங்களின் நிலை இன்னும் மோசம். கைட்ரிட் என்ற ஒரே பூஞ்சை வகையால் ஏறக்குறைய 500 இனங்கள் குறைந்துபோயின, 90 இனங்கள் அழிந்தேவிட்டதாகக் கருதப்படுகிறது.

பாக்டீரியாவுக்கு அத்தனை மருந்து இருக்கு, பூஞ்சைக்கு ஏன் விரல்விட்டு எண்ணுற அளவுதான்?

பூஞ்சை நமக்குச் சொந்தக்காரன். அதன் செல்லும் நம் செல்லும் உள்ளமைப்பில் நெருக்கம். அதைக் கொல்லும் பொருள் பெரும்பாலும் நம்மையும் கடிக்கும். தனித்து நிற்கும் இடங்கள் சிலவே: நம் செல் உறையில் கொலஸ்ட்ரால் இருக்கும் இடத்தில் பூஞ்சைக்கு எர்கோஸ்டெரால், அப்புறம் நமக்கு இல்லாத செல் சுவர். இன்றைய மருந்துகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றைத்தான் தாக்குகின்றன.

முதல் பயனுள்ள மருந்துகளில் ஒன்றான நிஸ்டாட்டினை எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரு பெண்கள் 1950-இல் அறிவித்தார்கள். ஒருவர் நியூயார்க் நகரில், மற்றவர் ஆல்பனியில். மண் மாதிரிகளையும் சாற்றையும் தபாலில் அனுப்பி அனுப்பியே வேலை நடந்தது. மருந்தின் பெயரும் நியூயார்க் மாநிலத்தின் பெயரிலிருந்து வந்ததுதான்.

போன தடவை கேட்ட மருந்து இந்தத் தடவை கேட்கல. மருந்து போலியா?

போலியாகவும் இருக்கலாம், ஆனால் கிருமி பழகிவிட்டதா என்பதையும் பார்க்க வேண்டும். தயாபெண்டசோல் என்ற புழு மருந்து 1961-இல் வந்தது. 1964-இலேயே செம்மறியாட்டின் ரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸ் புழு அதற்கு மசியாதது பதிவானது. பார்க்கும் முறை எளிது: மருந்து கொடுக்குமுன் ஒரு முட்டைக் கணக்கு, 10 முதல் 14 நாள் கழித்து இன்னொன்று. 95 சதவீதமாவது குறையவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டும்.

ஆராய்ச்சி சொல்லும் தீர்வு கேட்பதற்கு விசித்திரமானது: மந்தை முழுவதற்கும் மருந்து கொடுக்காதே, கொஞ்சம் புழுவை விட்டுவை. எல்லாவற்றுக்கும் மருந்து போட்டால் பிழைப்பது எதிர்ப்புள்ள புழு மட்டும், அடுத்த தலைமுறை முழுதும் அதன் பிள்ளைகள். மருந்து படாத புழுக்கள் இருந்தால் அவற்றோடு கலந்து எதிர்ப்பு நீர்த்துப்போகும். யாருக்குக் கொடுப்பது என்று தெரிய, ஆட்டின் கீழ் இமையை விரித்து, ஐந்து சிவப்பு நிறங்கள் அச்சிட்ட அட்டையோடு ஒப்பிடும் முறை தென் ஆப்பிரிக்காவில் உருவானது. இமை வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து.

படர்தாமரையிலும் இதே கதை. டிரைக்கோபைட்டான் இண்டோட்டினி என்று 2020-இல் பெயரிடப்பட்ட பூஞ்சை, டெர்பினாஃபின் மருந்துக்குப் பல நேரம் மசியாமல் தெற்காசியாவிலிருந்து பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. முன்னே சொன்ன ஸ்டீராய்டு களிம்புகளுக்கும் இதில் பங்குண்டு என்று தோல் மருத்துவர்கள் பலர் கருதுகிறார்கள்.

ஐவர்மெக்டின் ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும் என்கிறார்களே?

நல்ல மருந்து, அதற்காக அமிர்தம் இல்லை. ஜப்பானிய மண்ணிலிருந்து சதோஷி ஓமுரா எடுத்த பாக்டீரியாவில் பிறந்து, வில்லியம் கேம்பல் வழியாக மருந்தாகி, இருவருக்கும் 2015 நோபல் பரிசில் பங்கு தந்தது. உருண்டைப்புழு, பேன், சிற்றுண்ணி மாதிரியானவற்றின் நரம்பை முடக்கும். நாடாப்புழு, தட்டைப்புழு, பூஞ்சை எதையும் தொடாது. மூளைக்குள் மருந்தை விடாத தடுப்பு பழுதான கோலி (collie) வகை நாய்களுக்கு அதிக அளவு விஷமாகும்.

இதே இடத்தில் இன்னொன்று: நாய்க்கான பெர்மெத்ரின் உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள். பூனையின் ஈரலால் அதை முறிக்க முடியாது.

பிசிஆர் வந்த பிறகும் ஏன் மைக்ராஸ்கோப்பில் குனிந்துகொண்டே இருக்கிறீர்கள்?

கழுத்து வலிக்கும்போது நானும் இதைக் கேட்டுக்கொள்வேன். பிசிஆர் டிஎன்ஏ இருப்பதைச் சொல்லும். அது உயிரோடு இருக்கிறதா, மருந்தில் செத்த குப்பையா என்று சொல்லாது. தேடச் சொன்னதை மட்டும் தேடும். நான் மலேரியாவுக்காக ஸ்லைடைப் பார்க்கும்போது குறுக்கே ஒரு யானைக்கால் புழுக்குஞ்சு போனால் அதையும் பார்த்துவிடுவேன்.

ஆனால் மைக்ராஸ்கோப்பும் ஏமாந்த கதை உண்டு. மலேசியாவின் சரவாக்கில் சாதாரண மலேரி வகை மலேரியா என்று ஸ்லைடில் எழுதப்பட்டுவந்த நோயாளிகளில் பலருக்கு உண்மையில் இருந்தது குரங்குகளின் நோலெசி மலேரியா. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே. 2004-இல் டிஎன்ஏ பரிசோதனைதான் அதைப் பிரித்துக் காட்டியது. நோலெசி ஒரு நாளுக்கு ஒரு முறை பெருகும், சீக்கிரம் முற்றும். பெயர் மாறியது வெறும் பெயர் மாற்றம் இல்லை.

கொசுவையே மொத்தமா ஒழிச்சுட்டா என்ன?

3,500-க்கு மேற்பட்ட இனங்கள், அவற்றில் நோய் பரப்புவது சிறு பகுதி. எல்லாவற்றையும் ஒழிப்பது நடக்கிற காரியம் இல்லை, தேவையும் இல்லை. நான்காவது பதிலில் சொன்ன பயணத்தைக் கொசுவுக்குள்ளேயே மறித்தால் போதும். வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவைச் சுமக்கும் ஏடிஸ் கொசுவில் டெங்கு வைரஸ் சரியாகப் பெருகாது. அந்தக் கொசுக்களை இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் விட்டுப் பார்த்த சோதனையில் டெங்கு 77 சதவீதம் குறைந்தது. 2021-இல் முடிவு வெளியானது.

ஓர் இனத்தை ஓர் இடத்திலிருந்து விரட்டிய வெற்றியும் உண்டு. கால்நடையின் புண்ணில் புழு வைக்கும் ஸ்க்ரூவார்ம் ஈ. கதிர்வீச்சால் மலடாக்கிய ஆண் ஈக்களைக் கோடிக்கணக்கில் பறக்கவிட்டு, 1954-இல் குராசோ தீவில் தொடங்கி பனாமா வரை விரட்டினார்கள். பெண் ஈ பெரும்பாலும் ஒரே முறை இணைவதால்தான் அது பலித்தது. ஆனால் 2023 முதல் அந்த ஈ மறுபடி வடக்கே ஏறி, 2024-இல் மெக்சிகோவுக்கு வந்துவிட்டது. வேலியைக் காவல் காப்பது ஈயை விரட்டுவதைவிட நீண்ட வேலை.

வைரஸுக்கு ஒரு வருஷத்துல தடுப்பூசி வந்துச்சு. இதுகளுக்கு ஏன் வரல?

வந்திருக்கிறது, மெதுவாக. மாட்டின் நுரையீரல் புழுவுக்கு, கதிர்வீச்சில் பலவீனமாக்கிய குஞ்சுகளைக் கொடுக்கும் தடுப்பு மருந்து 1959-இலேயே விற்பனைக்கு வந்தது. மாட்டின் படர்தாமரைக்கு உயிருள்ள பூஞ்சைத் தடுப்பூசி உண்டு. மனிதர்களின் மலேரியாவுக்கு 2021-இல் ஒன்றும் 2023-இல் இன்னொன்றும் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை பெற்றன. மனிதர்களின் பூஞ்சை நோய்க்குத்தான் அங்கீகாரம் பெற்ற தடுப்பூசி இன்னும் ஒன்றுகூட இல்லை.

தாமதத்துக்குக் காரணம், ஒட்டுண்ணி ஒரே முகத்தோடு வருவதில்லை. மலேரியாக் கிருமி கொசுவிலிருந்து இறங்கும்போது ஒரு உருவம், ஈரலில் ஒன்று, ரத்தத்தில் ஒன்று. ஒன்றை அடையாளம் காணக் கற்ற உடல் அடுத்ததை விட்டுவிடும். மாட்டு உண்ணிக்கு 1990-களில் வந்த தடுப்பூசி இதைச் சாமர்த்தியமாகச் சுற்றிப் போனது. அது உண்ணியின் குடலில் உள்ள ஒரு புரதத்துக்கு எதிராக மாட்டின் ரத்தத்தைத் தயார்செய்கிறது. உண்ணி ரத்தத்தைக் குடிக்கும், குடித்த ரத்தமே அதன் குடலை அரிக்கும்.

மருந்தும் தடுப்பூசியும் இல்லாமல் ஒரு ஒட்டுண்ணியை ஒழிக்கவே முடியாதா?

கினிப் புழுவைப் பாருங்கள். மருந்து இல்லை, தடுப்பூசி இல்லை. 1986-இல் ஏறக்குறைய 35 லட்சம் பேருக்கு ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்தது. குட்டை நீரில் உள்ள நுண்ணிய நீர்ப்பூச்சியோடு வயிற்றுக்குள் போகும் குஞ்சு, ஒரு வருடம் கழித்து ஒரு மீட்டர்வரை நீண்ட பெண் புழுவாகக் கால் தோலைப் பொத்துக்கொண்டு வெளியே வரும். எரிச்சல் தாங்காமல் காலை நீரில் வைத்தால் குஞ்சுகளை நீரில் கொட்டும். முக்கியமாகச் செய்தது குடிநீரைத் துணியால் வடிகட்டியதும், புழு வந்தவரை நீரில் இறங்கவிடாமல் பார்த்துக்கொண்டதும்தான். 2021 முதல் 2024 வரை ஆண்டுக்கு 20 பேருக்கும் குறைவு.

முடிந்துவிட்டது என்று நினைத்த நேரத்தில், 2012-இல் சாட் நாட்டில் நாய்களில் அதே புழு தெரிந்தது. மனிதர்களைவிட நாய்களில் நூற்றுக்கணக்கில் அதிகம். நாய் குட்டைநீரைவிட மீன் குடலையும் தவளையையும் தின்று வாங்கிக்கொள்வதாகச் சந்தேகம். ஆகவே இப்போது அங்கே மீன் குடலைக் குழிதோண்டிப் புதைக்கிறார்கள், புழு தலைகாட்டிய நாயைப் புழு முழுதும் வெளியே வரும்வரை சங்கிலியில் கட்டிவைக்கிறார்கள்.